மரியாதை கேட்ட குரல்: டெட்ராய்ட் அஞ்சலிக் கச்சேரியும் நம் மேடைகளும்

(நம் கலை இலக்கிய அணியின் மாவட்டக் கருத்தரங்கில் மகளிர் அணித் தோழர் ஆற்றிய உரை. நேரில் வர இயலாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் முழு உரையையும் பதிவிடுகிறோம். படியுங்கள், பகிருங்கள்.)

கருத்தரங்குக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்டச் செயலாளர் அவர்களே, மேடையில் இருக்கும் அணி நிர்வாகிகளே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் இளைஞர் அணித் தம்பிகளே, எனக்கு முன்னால் ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பாடி இந்தக் கூட்டத்தைக் கூட்டிக்கொடுத்த கலைக்குழுத் தோழர்களே!

கலைக்குழுத் தோழர்கள் பேரைக் கடைசியில் சொன்னேன்னு யாரும் வருத்தப்பட வேண்டாம். இன்னைக்கு என் பேச்சு மொத்தமும் அவங்களைப் பத்தினதுதான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'கலையும் இயக்கமும்'. இந்தத் தலைப்பில் எத்தனையோ பேர் பேசியாச்சு. அதனால நான் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குறேன். ஒரு பாட்டுக்காரம்மா இறந்துபோனா, அவங்க பாட்டைக் கேட்டு வளர்ந்த ஊர் என்ன செய்யணும்? மாலை போடலாம், சுவரொட்டி ஒட்டலாம், இரங்கல் தீர்மானம் போடலாம். அதுக்கு மேல என்ன செய்யணும்? அதைவிட முக்கியமா, அவங்க உயிரோட இருக்கும்போது என்ன செஞ்சிருக்கணும்?

இந்தக் கேள்விக்கு ஒரு ஊர் சொன்ன பதிலை நான் நேரில் பார்த்தேன். அந்த ஊர் அமெரிக்காவில் இருக்கும் டெட்ராய்ட். அந்தப் பாடகி அரீத்தா பிராங்க்ளின். சோல் இசையின் ராணின்னு உலகமே அவங்களைச் சொல்லுது.

2018-ம் வருஷம் என் மகள் பிரசவத்துக்காக டெட்ராய்ட் பக்கம் போயிருந்தேன். இங்க இருக்கிற பல தாய்மார்களுக்கு அந்தப் பயணம் எப்படின்னு தெரியும். ஊறுகாய் பாட்டிலும் பிரசவ லேகியமும் பெட்டியில போட்டு, ஏர்போர்ட்ல யாரும் பிடுங்கிடக் கூடாதேன்னு பயந்துகிட்டே போற பயணம். நான் அங்க இருந்தபோதுதான், ஆகஸ்ட் 16-ம் தேதி, அரீத்தா பிராங்க்ளின் தன் டெட்ராய்ட் வீட்டில் காலமானார். வயது 76. கணையப் புற்றுநோய்.

தோழர்களே, சோல் இசைன்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் சந்ததிகள் தங்கள் தேவாலயங்களில் கைதட்டி, கால் தட்டி, கண்ணீர் விட்டுப் பாடிய பாட்டுக்குப் பேர் காஸ்பல். வயல்காட்டிலும் சாராயக் கடையிலும் பாடின துக்கப் பாட்டுக்குப் பேர் புளூஸ். இந்த இரண்டும் 1950-களில் கலந்து பிறந்ததுதான் சோல். தேவாலயத்துல கடவுளைப் பார்த்துக் கூப்பிட்ட அதே குரலில், காதலனையும் கணவனையும் சமுதாயத்தையும் பார்த்துக் கேள்வி கேட்டாங்க. அதுதான் அதோட பலம்.

அரீத்தா பிறந்தது 1942 மார்ச் 25-ல், மெம்பிஸ் நகரத்தில். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் டெட்ராய்ட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தெற்கு மாநிலங்களின் கொடுமை தாங்காமல் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே கார் தொழிற்சாலைகளைத் தேடி வந்தார்கள். 1950-ல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்துக்கும் மேல். அப்பா சி.எல். பிராங்க்ளின், நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். அவருடைய பிரசங்கத்தை இசைத்தட்டாகப் போட்டு விற்றார்கள் என்றால் பார்த்துக்கோங்க, எப்படிப்பட்ட பேச்சாளரா இருந்திருப்பார்! பத்து வயசு ஆவதற்குள் அம்மா இறந்துட்டாங்க. பியானோவும் தேவாலயப் பாட்டும்தான் அந்தப் பிள்ளையை வளர்த்தது.

அந்த வீடு ஒரு இயக்க வீடு. 1963 ஜூன் 23-ம் தேதி டெட்ராய்ட்டின் உட்வர்ட் சாலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் விடுதலை நடைப்பயணம் போனார்கள். அதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் அரீத்தாவின் அப்பா. முன்வரிசையில் நடந்தவர் மார்ட்டின் லூதர் கிங். வாஷிங்டனில் அவர் 'எனக்கொரு கனவு' என்று பேசிய பேச்சு உலகத்துக்கே தெரியும். அதுக்கு இரண்டு மாசம் முன்னாலேயே அந்தப் பேச்சின் ஒரு வடிவத்தை டெட்ராய்ட்டில் பேசிட்டார். அந்தக் கிங் வந்து போகிற வீட்டில்தான் அரீத்தா வளர்ந்தார். பின்னாளில் இயக்கத்துக்கு நிதி திரட்ட மேடை மேடையாகப் பாடிக் கொடுத்தார்.

இப்ப அந்தப் பாட்டுக்கு வர்றேன். 'ரெஸ்பெக்ட்'. தமிழில் சொன்னா, மரியாதை.

இந்தப் பாட்டை முதலில் எழுதிப் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங் என்ற ஆண் பாடகர். 1965-ல் வெளிவந்தது. அதோட பொருள் ரொம்ப எளிமை. ஒரு ஆம்பளை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றான், சம்பளத்தைக் கொண்டுவர்றான், வீட்டுக்கு வந்தா எனக்குரிய மரியாதையைக் கொடுன்னு மனைவிகிட்ட கேக்கறான். நமக்குத் தெரியாத கதையா இது?

1967 பிப்ரவரி 14-ம் தேதி நியூயார்க்கில் அரீத்தா அதே பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். அப்போ அவருக்கு வயது 24. பாட்டு அதே பாட்டுதான். ஆனா கேக்கற ஆள் மாறிட்டாங்க! இப்ப பொம்பளை கேக்கறா. நானும் சம்பாதிக்கிறேன், எனக்கும் மரியாதையைக் கொடுன்னு கேக்கறா. அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்கிற பகுதி ஓட்டிஸ் பாட்டில் கிடையாது, அரீத்தா சேர்த்தது. பள்ளிக்கூடத்துல வாத்தியார் மக்குப் பையனுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுப்பாரே, அந்த மாதிரி. உனக்கு மரியாதைன்னா தெரியலையா, இந்தா எழுத்துக் கூட்டிச் சொல்றேன், கத்துக்கோ! பின்னணியில் கூடப் பாடியது அவருடைய சொந்தத் தங்கை கரோலினும் அக்கா எர்மாவும். மூணு சகோதரிகள் சேர்ந்து உலகத்துக்குப் பாடம் எடுத்தாங்க.

அந்த ஜூன் மாசம் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது அந்தப் பாட்டு. அடுத்த மாசம், ஜூலை 23-ல், டெட்ராய்ட் பற்றி எரிந்தது. போலீஸ் கெடுபிடியை எதிர்த்துக் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஐந்து நாளில் 43 பேர் செத்தார்கள். அந்தக் கோடைக்காலம் முழுக்க வீட்டு ரேடியோவிலும் கார் ரேடியோவிலும் இந்தப் பாட்டுதான். புருஷன் பொண்டாட்டி விவகாரமா இருந்த பாட்டு, ஒரு இனத்தோட கோரிக்கையா மாறிடுச்சு.

ஏன் மாறிச்சு? இதை நாம நல்லாப் புரிஞ்சுக்கணும். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்ணை 'மிஸ்', 'மிஸஸ்' என்று மரியாதை சேர்த்து வெள்ளைக்காரர்கள் கூப்பிட மாட்டார்கள். வெறும் பேர். அறுபது வயசு பாட்டியா இருந்தாலும் வெறும் பேர். ஆனா அந்தப் பாட்டி வெள்ளைக்கார வீட்டுக் குழந்தையைக்கூட மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடணும்.

1963-ல் அலபாமா மாநிலத்தில் ஒரு நீதிமன்றம். மேரி ஹாமில்டன் என்ற போராளிப் பெண் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். அரசு வழக்கறிஞர் அவரை 'மேரி' என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார். 'மிஸ் ஹாமில்டன்' என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்று அவர் சொல்லிவிட்டார். நீதிபதி மிரட்டுகிறார், அசையவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறை, 50 டாலர் அபராதம். அவர் விடவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1964-ல் அந்தத் தண்டனையை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு 'மிஸ்' என்ற சொல்லுக்காக ஒரு பெண் சிறைக்குப் போயிருக்காங்க தோழர்களே!

இதைக் கேட்கும்போது உங்களுக்கு யார் ஞாபகம் வர்றாங்க? எழுபது வயசுப் பெரியவரைப் பத்து வயசுப் பண்ணையார் வீட்டுப் பையன் 'வாடா, போடா'ன்னு கூப்பிட்டது எந்த யுகத்துல? நம்ம தாத்தா காலத்துல, சில ஊர்கள்ல நம்ம கண்ணு முன்னாலேயே. தோளில் போட்ட துண்டை இடுப்பில் கட்டச் சொன்னது எந்த நாட்டுல? இந்த நாட்டுலதான். 1925-ல் தொடங்கிய இயக்கத்துக்குப் பெரியார் என்ன பேர் வச்சார்? சோறு இயக்கம்னு வைக்கல, கூலி இயக்கம்னு வைக்கல, சுயமரியாதை இயக்கம்னு வச்சார். 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பேருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. ஒருத்தரை எப்படிக் கூப்பிடுறோம் என்பதில் இருந்துதான் எல்லாமே தொடங்குதுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருந்தது, இவங்களுக்கும் தெரிஞ்சிருந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலேயே தெரிஞ்சிருந்தது.

சரி, அந்தக் கச்சேரிக்கு வர்றேன்.

ஆகஸ்ட் 28, 29 ரெண்டு நாளும் அவருடைய உடலைக் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் சார்லஸ் ரைட் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். 2005-ல் ரோசா பார்க்ஸ் அம்மையாரின் உடலும் அங்கேதான் வைக்கப்பட்டது. பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மாட்டேன்னு சொன்ன அதே ரோசா பார்க்ஸ்தான். அவருடைய இறுதிச் சடங்கில் பாடியவர் அரீத்தா. ரோசா பார்க்ஸின் உடலை ஏற்றிப் போன 1940-ம் வருஷத்துப் பழைய கார்தான் அரீத்தாவின் உடலையும் ஏற்றிப் போனது. அதுக்கு முன்னால அரீத்தாவின் அப்பாவை ஏற்றிப் போனதும் அதே கார்.

30-ம் தேதி சாயங்காலம் டெட்ராய்ட் ஆற்றங்கரையில் சீன் பார்க் என்ற திறந்தவெளி அரங்கத்தில் மக்கள் அஞ்சலிக் கச்சேரி. டிக்கெட் இலவசம். நெட்ல விட்ட சில நிமிஷத்துல எல்லாம் தீர்ந்துபோச்சு. மகள் குடியிருந்த கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒரு அம்மா. எழுபதைத் தாண்டியவங்க, கார் சீட்டுக்கு உறை தைக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவங்க. அவங்க பேத்தி எப்படியோ ரெண்டு டிக்கெட் பிடிச்சிருந்தா. பேத்திக்கு அன்னைக்கு வேலை. 'நீ வர்றியா'ன்னு என்னைக் கேட்டாங்க. என் பேத்திக்கு அப்போ ஒரு மாசம். மாப்பிள்ளை பார்த்துக்கறேன்னு சொன்னார், கிளம்பிட்டேன்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் டெட்ராய்ட், அந்தப் பக்கம் கனடா. மேடைக்குப் பின்னாலேயே தண்ணி. டிக்கெட் கிடைக்காதவங்க ஆற்றுல படகை நிறுத்திக் கேக்கறாங்க. உள்ளே ஆயிரக்கணக்கில் ஜனங்க. சர்ச்சுக்குப் போற மாதிரி தொப்பி வச்சுகிட்டு வந்த பாட்டிகள், தொழிற்சாலை யூனியன் சட்டை போட்ட ஆண்கள், தோள்ல பிள்ளையைத் தூக்கிவச்ச அப்பாக்கள். கிளாடிஸ் நைட் பாட வந்தாங்க, ஃபோர் டாப்ஸ் குழு வந்தாங்க. ஃபோர் டாப்ஸ் அதே டெட்ராய்ட் மண்ணுல வளர்ந்த குழு.

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல பாட்டு வரி பாதி புரியல. ஆனா ஒண்ணு புரிஞ்சது. மேடையில இருக்கிறவங்க மட்டும் பாடல. கூட்டமே பாடுது. ஒருத்தர் தொடங்கினா ஆயிரம் பேர் பதில் சொல்றாங்க. நம்ம ஊர்ல நடவுப் பாட்டுல ஒருத்தி எடுத்துக் கொடுக்க மத்தவங்க வாங்கிப் பாடுவாங்களே, அதே அமைப்பு. அடிமை வயலில் பிறந்த பாட்டும் நடவு வயலில் பிறந்த பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. குனிஞ்சு வேலை செஞ்ச முதுகு ரெண்டு நாட்டுலயும் ஒண்ணுதானே.

கீழ்வீட்டு அம்மா அழல. நான் கேட்டேன், உங்களுக்கு அவங்க பாட்டுல எது பிடிக்கும்னு. அவங்க பாட்டைச் சொல்லல, தன் அம்மாவைப் பத்திச் சொன்னாங்க. அவங்க அம்மா தெற்கில் வெள்ளைக்கார வீட்டுல சமையல் வேலை செஞ்சவங்களாம். அந்த வீட்டுப் பிள்ளைங்க, அம்மா வளர்த்த பிள்ளைங்க, கடைசிவரை பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்களாம். வடக்கே வந்து பல வருஷம் கழிச்சு, ரேடியோவுல இந்தப் பாட்டு வந்தப்போ, அம்மா அடுப்பை அணைச்சுட்டு, உட்கார்ந்து முழுசாக் கேட்டாங்களாம். அடுப்பு எரியும்போது எங்கம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே அன்னைக்குத்தான்னு சொன்னாங்க.

தோழர்களே, ஒரு பாட்டு என்ன செய்யும்னு கேக்கறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நாள் பூரா நின்னுகிட்டே வேலை செஞ்ச ஒரு பொம்பளையை அது உட்கார வைக்கும்.

மறுநாள், 31-ம் தேதி, இறுதிச் சடங்கு. தேவாலயத்துக்குப் போற சாலை ஓரத்துல இளஞ்சிவப்பு நிற கெடிலாக் கார்கள் வரிசையா நின்னுச்சு. டிவியில் பார்த்தோம். எட்டு மணி நேரத்துக்குப் பக்கம் நடந்தது. மேயர் வந்தார், சீன் பார்க் அரங்கத்துக்கு அரீத்தா பிராங்க்ளின் பேரை வைக்கப் போறோம்னு அறிவிச்சார். இன்னைக்கு அந்த அரங்கம் அவர் பேரில்தான் இருக்கு.

ஆனா நடந்ததை நடந்தபடி சொல்லணும். அதே சடங்கில் வெளியூரிலிருந்து வந்த ஒரு மூத்த போதகர் நீண்ட நேரம் பேசினார். ஆண் துணை இல்லாமல் கறுப்பினத் தாய்மார்கள் ஆண் பிள்ளைகளைச் சரியா வளர்க்க முடியாதுன்னு பிரசங்கம் பண்ணினார். யாருடைய சவப்பெட்டிக்கு முன்னால் நின்னு? தனியா நின்னு நான்கு ஆண் பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணின் சவப்பெட்டிக்கு முன்னால்! குடும்பத்தார் பின்னால் வெளிப்படையாகவே கண்டிச்சாங்க. வாழ்நாள் பூரா மரியாதை கேட்டுப் பாடின பொம்பளைக்கு, அவங்க காதுல விழாத நேரம் பார்த்து அந்த மேடையிலேயே உபதேசம் நடந்தது. பெண்களுக்கான கூட்டத்துல ஆம்பளைங்க நாலு பேர் முக்கால் மணி நேரம் பேசறதை நம்ம மகளிர் அணித் தோழர்களும் பார்த்திருக்காங்க. சிரிக்காதீங்க அண்ணன்மார்களே, உங்களைத்தான் சொல்றேன்! (கைதட்டல்)

இனி காசு விஷயத்துக்கு வர்றேன். மரியாதைன்னா வாய் வார்த்தை மட்டும் இல்லை.

அரீத்தா பிராங்க்ளினுக்கு ஒரு பழக்கம். மேடை ஏறுவதற்கு முன்னால் சம்பளத்தை ரொக்கமாகக் கையில் வாங்கிவிடுவார். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கைப்பையோடுதான் மேடைக்கு வருவார். கண்ணுக்குத் தெரியுற இடத்துல, பியானோ மேல வச்சுகிட்டுப் பாடுவார். சிலர் இதை ராணியம்மாவின் கிறுக்குன்னு எழுதினாங்க. கிறுக்கு இல்லை தோழர்களே. பாடி முடிச்சதும் காசு கொடுக்காம ஓடிப்போன முதலாளிகளைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையோட அனுபவம் அது. கறுப்பினக் கலைஞர்கள் ஊர் ஊராப் பாடிட்டு வெறுங்கையோட திரும்பின வரலாறு அந்தக் கைப்பைக்குள்ள இருக்கு.

இன்னொரு செய்தி கேளுங்க. இது பல பேருக்குத் தெரியாது. அமெரிக்கச் சட்டப்படி சாதாரண ரேடியோ நிலையம் ஒரு பாட்டைப் போட்டால், பாட்டை எழுதினவருக்கும் இசை அமைத்தவருக்கும் பணம் கொடுக்கணும். பாடினவருக்கு ஒரு பைசா கிடையாது. விளம்பரம் கிடைக்குதே, போதாதான்னு ரேடியோ முதலாளிகள் சொல்றாங்க. அதனால 'ரெஸ்பெக்ட்' பாட்டு ரேடியோவுல எத்தனை லட்சம் தடவை ஒலிச்சாலும், அதுக்கான பணம் எழுதின ஓட்டிஸ் ரெடிங்கின் குடும்பத்துக்குத்தான். அவர் 1967 டிசம்பரிலேயே 26 வயசுல விமான விபத்துல இறந்துட்டார். அவர் குடும்பத்துக்குப் போறது நியாயம், அதுல எந்தக் குறையும் இல்லை. ஆனா அந்தப் பாட்டை உலகத்தோட பாட்டா மாத்தின குரலுக்கு? ரேடியோ கணக்கில் சுழியம். மரியாதை கொடுன்னு பாடின பாட்டுக்கே மரியாதை கிடைக்கல!

1972-க்கு முந்தைய பதிவுகளுக்கு டிஜிட்டல் ரேடியோவிலும் இதே கதிதான் இருந்தது. அதைச் சரிசெய்யும் சட்டம் 2018 அக்டோபரில் வந்தது. அரீத்தா இறந்து இரண்டு மாசம் கழிச்சு. சாதாரண ரேடியோவுக்கு மட்டும் பழைய வழக்கம் மாறல.

நம் நாட்டில் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடல் எழுதுபவர், இசை அமைப்பவர், பாடுபவர் என எல்லாருக்கும் ராயல்டியில் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. அதாவது இந்த ஒரு விஷயத்தில் நம்ம சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட முன்னால நிக்குது. ஆனா சட்டம் யாருக்குப் பயன்படுது? சினிமாவில் பாடுகிறவர்களுக்கு ஓரளவு. திருவிழாவில், தெருமுனையில், கட்சி மேடையில் பாடுகிறவர்களுக்கு? அவங்க பாட்டை யாராவது செல்போனில் எடுத்துப் போடுறாங்க, லட்சம் பேர் பார்க்கிறாங்க. பாடினவர் பேர்கூட அதுல இருக்காது.

அந்தக் கைப்பைக் காசை அரீத்தா என்ன செஞ்சாங்கன்னு சொல்லாம விட்டா பாவம். 1970-ல் ஏஞ்சலா டேவிஸ் என்ற கறுப்பினப் போராளி, கம்யூனிஸ்ட், கல்லூரி ஆசிரியர், கைது செய்யப்பட்டார். நாடே அவரை எதிரியாகப் பார்த்த நேரம். எவ்வளவு ஆனாலும் அவருக்கு ஜாமீன் தொகை நான் கட்டுறேன், 2,50,000 டாலர் ஆனாலும் கட்டுறேன்னு அரீத்தா அறிவிச்சார். அப்பாவே வேண்டாம்னு சொன்னார், கேக்கல. இந்தப் பணம் கறுப்பின மக்கள் எனக்குக் கொடுத்தது, அவங்க விடுதலைக்குச் செலவழிக்கிறேன்னு சொன்னார். ஜாமீன் கிடைத்த சமயத்தில் அவர் வெளிநாட்டில் இருந்ததால் கடைசியில் வேறொருவர் கட்டினார். ஏஞ்சலா டேவிஸ் 1972-ல் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலையானார். ஆனா ஒரு பாடகி அந்த நேரத்துல வாய் திறந்ததே எவ்வளவு பெரிய விஷயம்! தன் காசு தன் கையில இருந்ததாலதான் அவங்களால அப்படிச் சொல்ல முடிஞ்சது. கையேந்தி நிக்கிற கலைஞரால போராளிக்குத் துணை நிக்க முடியாது. இதை அணி நிர்வாகிகள் குறிச்சு வச்சுக்கணும்.

இப்ப நம்ம மேடைக்கு வர்றேன்.

பொதுக்கூட்டம் ஆறு மணின்னா அஞ்சு மணிக்கே பாட்டுத் தொடங்குது. காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடறாங்க. பாட்டைக் கேட்டுத்தான் ஜனம் வருது. தலைவர் கார் வந்துச்சுன்னா, பாட்டு எந்த வரியில இருந்தாலும் 'போதும், நிறுத்து'ன்னு மைக்கைப் பிடுங்கறோம். பல்லவி ஒரு பக்கம், சரணம் ஒரு பக்கம் தொங்கிகிட்டு நிக்கும். நோட்டீஸில் இருபத்தஞ்சு நிர்வாகி பேர் போடறோம், கடைசியில 'இன்னிசை நிகழ்ச்சி நடைபெறும்'. யார் பாடறாங்க? பேர் கிடையாது. பறை அடிக்கிற தம்பியை 'ஏய், அடிப்பா'ன்னு கூப்பிடறோம். காசு? கூட்டம் முடிஞ்சு, பந்தல்காரர், மைக்செட்காரர் எல்லாரும் வாங்கினதுக்கு அப்புறம், மிச்சம் இருந்தா.

இதை யாரையும் குறை சொல்றதுக்காகச் சொல்லல. சமத்துவம் பேசுற கட்சி நாம. நம்ம மேடையில சமத்துவம் நாற்காலியில மட்டும் இருந்தா போதாது, மைக்குலயும் இருக்கணும். அதனால மாவட்டச் செயலாளர் அவர்கள் முன்னால் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன். இன்றைக்கே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது: கூட்ட நோட்டீஸிலும் பேனரிலும் பாடுபவர்கள், பறை அடிப்பவர்கள், பாட்டு எழுதியவர்கள் பெயர் இருக்க வேண்டும். நிர்வாகிகளுக்கு எந்த அளவு எழுத்தோ, அதே அளவு எழுத்து.

இரண்டாவது: மேடை ஏறுவதற்கு முன்னால் சம்பளம். உறையில் போட்டு, கையில் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். பந்தலுக்கு முன்பணம் கொடுக்கிற நமக்கு, பாட்டுக்குக் கொடுக்க முடியாதா?

மூன்றாவது: யார் வந்தாலும் தொடங்கிய பாட்டு முடியும் வரை நிறுத்தக் கூடாது. நம் தலைவர் பெரிய மனுஷர். மூணு நிமிஷம் நின்னு பாட்டைக் கேட்டுட்டு மேடை ஏறினா அவர் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

நான்காவது: மேடையில் யாரையும் 'டா' போட்டு, 'ஏய்' போட்டு, வெறும் தொழில் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேர் சொல்லணும், 'தோழர்' என்று சேர்த்துச் சொல்லணும். ஒரு 'மிஸ்'ஸுக்காகச் சிறைக்குப் போன பெண்ணின் கதையைக் கேட்ட பிறகு, 'தோழர்' என்று சொல்ல நமக்கு நாக்கு கூசக் கூடாது.

பெரிய செலவு இல்லை தோழர்களே. நோட்டீஸில் ரெண்டு வரி கூடும். கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் முன்னால நகரும். ஆனா மேடையில நிக்கிற அந்தப் பிள்ளையோட முதுகு நிமிரும். முதுகு நிமிர்ந்த பாட்டுக்கும் குனிஞ்ச பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் கேக்கற ஜனத்துக்குத் தெரியும்.

ஒரு பாடகி இறந்த பிறகு டெட்ராய்ட் மக்கள் ஆற்றங்கரை அரங்கத்துக்கு அவர் பேரை வச்சாங்க. நல்ல காரியம். நாம அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். நம்ம பாட்டுக்காரங்க நம்ம முன்னால உயிரோட உட்கார்ந்திருக்காங்க. அவங்க பேரை நாளைக்கு அடிக்கப் போற நோட்டீஸிலேயே போடலாம்.

கலைக்குழுவில் இன்றைக்குப் பாடிய தோழர்கள் ஆறு பேர், பறை அடித்த தோழர்கள் நான்கு பேர். பத்துப் பேரும் தயவுசெய்து மேடைக்கு வாங்க. உங்களை வரிசையாகப் பேர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டுத்தான் நான் இறங்கப் போறேன். மாவட்டச் செயலாளர் அவர்கள் உங்களுக்குத் துண்டு அணிவிப்பார்கள். தோளில்!



(உரையின் முடிவில் நான்கு கோரிக்கைகளும் தீர்மானமாக முன்மொழியப்பட்டு, கைதட்டலுக்கிடையே ஒருமனதாக நிறைவேறின. உங்கள் பகுதிக் கலைக்குழுத் தோழர்களின் பெயர்களைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள் தோழர்களே.)

#மரியாதை #கலைஇலக்கியஅணி #சுயமரியாதை #அரீத்தாபிராங்க்ளின்